2316

எறும்பென்றுதான் எடுத்தேன்.
நல்லமிளகுக் கொடியில் முசுறுகளோடு முசுறாக
அதே செம்மஞ்சள், அதே அவசரம்.
மதியம் செக்ஷன் ஆபீசில்
சோற்றுப்பாத்திரத்தைத் திறந்துவைத்துப்
படத்தை விரலால் விரித்தால்
கால்கள் எட்டு.
முன்னிரண்டைத் தூக்கி
மீசைபோல் ஆட்டிக்கொண்டு
அத்தனை முசுறுக்கும் நடுவே திரிந்திருக்கிறது
ஒரு சிலந்தி.
'மீன்கறி ஆறுது' என்றாள் றோஸ்லெட்.
நான் இன்னொருமுறை எண்ணினேன்.
ரீடிங் பிசகினால் விளக்கம் கேட்டு மெமோ வரும்,
அப்படிப் பழகிய கண்.

மார்த்தாண்டத்தில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு லென்ஸ்.
துணிக்கிளிப்புபோல் போனைக் கவ்வும்.
ஒரு விரல் தூரத்துக்கு நெருங்க வேண்டும்,
மூச்சை நிறுத்த வேண்டும்,
அதுவரை வீட்டுக்காரர் வெளியே வராதிருக்க வேண்டும்.
'எம்மா, மீட்டரு அந்தப் பக்கமாக்கும்.'
தெரியும் அண்ணாச்சி.
உங்கள் கறிவேப்பிலைக் கன்றில்
காக்கா எச்சம்போல் ஒன்று ஒட்டியிருக்கிறது,
தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டி நாறும்.
இதை எப்படிச் சொல்வது
கையில் பில்லோடு நின்று.

இப்போது என் கேலரி இப்படிக் கிடக்கிறது:
4417.
மரச்சீனி இலையடியில் மாவுப்பூச்சி.
908, எண்கள் மங்கல்.
வால் தூக்கிய தும்பி, கலங்கல்.
கலங்கல். கலங்கல். காற்று.
11052, ஐஸ் கம்பெனி.
பொறிவண்டு ஒன்று,
அதன் முதுகின் மினுக்கத்தில்
குடை பிடித்தபடி குனிந்திருக்கும் நான்.
2316.

திக்கணங்கோட்டில் எனக்கு முப்பத்தாறாவது வீடு அது.
ஒரு வருடமாக 2316.
மாடிக்கென்று விட்ட கம்பிகளின் துரு
மழையில் இறங்கிச் சுவரெல்லாம் கோடு.
கேட்டைத் தள்ளினால் முழங்கால்வரை தொட்டால்வாடி,
வரிசையாக மூடிக்கொண்டு வழிவிடும்.
மீட்டர் உயரம், நான் குள்ளம்.
கவிழ்த்த சிமெண்டுத் தொட்டியில் ஏற வேண்டும்.

தோகாவிலிருந்து ரசல்ராஜ் என்பவர்,
முகம் தெரியாது, வாட்ஸப்பில் ஒரு வெள்ளைக் கார்:
'யாராவது வயரு குடுத்து கரண்டு எடுக்காவளான்னு பாக்கணும் மேடம்,
மீட்டரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.'
இரண்டு மாதத்துக்கொருமுறை போடுவேன்.

இந்தத் தடவை தொட்டியில் ஏறினால்
பெட்டியின் கண்ணாடியோரம்
சுண்டைக்காயளவு மண்குடம்,
கழுத்தும் விளிம்பும் மடித்து.
குளவி வந்தது, வாயில் பச்சைப்புழு.
புழுவுக்கு உயிர் இருக்கிறது, போக்கிடம் இல்லை.
தலையால் முட்டி உள்ளே திணித்துவிட்டுப்
போனது.
இன்னொன்று.
பதினொன்றேகால் வெயிலில் நாற்பது நிமிடம்
அரசாங்கச் சம்பளத்தில் நின்றேன்.
ஐந்தாவது புழுவுக்குப் பிறகு
ஈரமண் உருண்டையொன்றைக் கொண்டுவந்து
வாயைப் பூசி அடைத்தது.
முட்டை உள்ளே எங்கோ தொங்கியிருக்கும்,
அது என் லென்சுக்கு எட்டாத கணக்கு.

அனுப்பிய படத்தில்
கடைசி எண்ணின்மேல் குளவியின் இடுப்பு,
நூல்போல.
'கடைசி நம்பர் தெளியலயே.'
ஆறு சார்.
கொஞ்சம் கழித்து,
'அது என்னவாக்கும்? குத்துமா?'
இல்ல சார். வீடு கெட்டுது.
எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.
'மண்ணு ஏது அங்க, எல்லாம் காங்கிரீட்டு போட்டாச்சே?'

இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு அலக்குகல் தண்ணீர்
மதிலின் விரிசல் வழி சொட்டி
காங்கிரீட்டு பெயர்ந்த ஒரு முழ இடம் நனைந்திருந்தது.
அதில் மூன்று குளவி, ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி,
சோப்பு மணம்.
அதையும் எடுத்துப் போட்டேன்.
கரண்டு யாரும் எடுக்கல்ல சார். தண்ணிதான்.

'அந்த மதிலுக்கு நான் கேசு குடுத்திருந்தேன்' என்று வந்தது.
பிறகு,
'கெடக்கட்டு.'

2316 என்று பதிந்துவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.
முப்பத்தேழாவது வீட்டில்
நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.